தந்தையின் கேள்வியும் லூத்தரின் மறுமொழியும்

1507-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் எர்ஃபுர்ட் நகரத்து அகுஸ்தீன் துறவியர் மடத்தில் மார்ட்டின் லூத்தர் தமது முதல் திருப்பலியை நிறைவேற்றினார். மான்ஸ்ஃபெல்டில் செம்பு உருக்கும் தொழில் நடத்திவந்த அவருடைய தந்தை ஹான்ஸ், உறவினரும் நண்பரும் குதிரையேறித் துணைவர, அங்கு வந்து தாராளமாகக் காணிக்கையும் அளித்தார். ஆயினும் அவருடைய உள்ளம் ஆறவில்லை. தாம் வானத்தின் பயங்கரத்தால் அழைக்கப்பட்டதாக மகன் விளக்கியபோது, அது மாயத்தோற்றமாய் இராதிருக்கட்டும் என்றார். பெற்றோரைக் கனம்பண்ண வேண்டும் என்னும் கற்பனையை நீ கேள்விப்பட்டதில்லையோ என்றும் வினவினார்.

இக்கேள்விக்குக் காரணம் உண்டு. மகன் சட்டம் பயில வேண்டுமென்று தந்தை விரும்பி, பொருளும் செலவிட்டிருந்தார். 1505-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் ஸ்டோட்டெர்ன்ஹைம் அருகே இடிமின்னலில் அகப்பட்ட லூத்தர், துறவியாவேன் என்று பரிசுத்த அன்னாளுக்குப் பொருத்தனை செய்தார். ஏறக்குறைய இரு வாரங்களில், தந்தையின் இசைவின்றியே மடத்திற்குள் புகுந்தார்.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே முழு மறுமொழி வந்தது. வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த லூத்தர், துறவறப் பொருத்தனைகளைக் குறித்து எழுதிய நூலை 1521-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாளிட்ட கடிதத்தின் மூலம் தந்தைக்கே காணிக்கையாக்கினார். தந்தையின் சொல் தமது உள்ளத்தில் ஆழமாய்த் தைத்து நிலைத்திருந்ததையும், தேவ கற்பனைக்கு விரோதமாய்ச் செய்த தமது பொருத்தனை செல்லாதென்பதையும் அதில் அறிக்கையிட்டார். எனினும், தம்மை மடத்தினின்று விடுவித்தவர் தந்தையல்ல, தேவனே என்றார். வசன ஊழியத்திற்குக் கிறிஸ்து அழைக்கும்போது பெற்றோரின் அதிகாரமும் அவருக்குக் கீழ்ப்பட்டதே என்றும் காட்டினார். கிறிஸ்துவின் அழைப்பு வேறு. பக்தியின் பெயரால் மனிதன் தானே தெரிந்துகொள்ளும் வழி வேறு. மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் 'கொர்பான்' வழக்கத்தை நம் ஆண்டவர் கடிந்துகொண்டதும் இந்த வேறுபாட்டின்மேலேயே நிற்கிறது.

1529-இல் வெளியான பெரிய ஞானோபதேசத்தில் இக்கருத்து போதனையாக விரிவடைந்தது. லூத்தரன் சபைகள் நான்காவதாகவும் ஏனைய சீர்திருத்தச் சபைகள் பல ஐந்தாவதாகவும் எண்ணும் இக்கற்பனைக்கு, அயலாரைப் பற்றிய கற்பனைகளுள் முதன்மையான இடத்தை அவர் அளித்தார். தாய் தந்தையர் ஏழைகளாயினும், பலவீனராயினும், குறையுள்ளவராயினும், தேவன் தந்தவர் என்பதாலேயே கனத்துக்குரியவர்; வீட்டில் பிள்ளை செய்யும் பணிவிடை துறவியரின் கடுந்தவத்திலும் மேலானது என்று போதித்தார்.

போதித்தவருக்கும் சோதனை வந்தது. 1530 பிப்ரவரியில் தந்தை நோயுற்றபோது, வழியிலுள்ள ஆபத்தினால் லூத்தர் நேரில் செல்ல இயலவில்லை. பெற்றோரைத் தம் வீட்டிற்கு வருமாறு அழைத்து, ஆறுதல் கடிதம் எழுதினார். மே மாத இறுதியில் தந்தை மரித்தார். கோபர்க் கோட்டையில் அச்செய்தியைப் பெற்ற லூத்தர், சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் சென்று அழுதார்.

ஊழியத்தின் பொருட்டு வீட்டைவிட்டு வந்தவர்களே நாம். பிறருடைய பெற்றோரின் மரணப்படுக்கையருகே முழங்காற்படியிடுகிறோம். நம் பெற்றோருக்கோ, சபை வேலை மிகுதி என்று சொல்லியனுப்புகிறோம். அவ்வேலை கிறிஸ்துவின் அழைப்பா, நாம் உண்டாக்கிக்கொண்ட கொர்பானா? ஹான்ஸ் லூத்தரின் கேள்வி நம்மையும் நோக்கியே நிற்கிறது.