மூன்று வாசல்கள்: உத்மூர்த்து மொழியின் கதை

ஏகே-47 துப்பாக்கியின் பெயரைக் கேள்விப்படாதார் அரியர். அத்துப்பாக்கியை வடிக்கும் இஷெவ்ஸ்க் நகரம் உருசியாவின் உத்மூர்த்தியா குடியரசின் தலைநகரம் என்பதையும், அம்மண்ணின் தொல்குடிகளுக்குத் தனிமொழி ஒன்று உண்டு என்பதையும் அறிந்தவர் மிகச் சிலரே.

காமா, வியாத்கா ஆறுகளுக்கு இடைப்பட்ட காட்டுநிலமே உத்மூர்த்து மக்களின் தாயகம். பழைய உருசிய ஏடுகள் இவர்களை ‘வோத்யாக்’ என்று குறித்தன. இவர்தம் மொழி பின்ன-உக்ரிய இனத்தைச் சேர்ந்தது. கோமி அதற்கு உடன்பிறப்பு. பின்னியமும் அங்கேரியமும் தொலைவுச் சுற்றம். ‘குர்த்’ என்றால் ஊர், ‘குர்த்யோஸ்’ ஊர்கள், ‘குர்த்யோசின்’ ஊர்களில். பன்மை உருபும் வேற்றுமை உருபும் நம் மொழியிற்போலவே ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நிற்பதைக் காண்கிறோம். 1856-இல் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், திராவிட மொழிகளுக்கு உறவு தேடிப் பின்ன-உக்ரிய மொழிகள் வரை சென்றதற்கு இவ்வகை ஒப்புமைகளும் காரணம். பின்வந்த மொழிநூலார் அவ்வுறவை ஏற்கவில்லை. ஒட்டுநிலை அமைப்பு மட்டுமே இனவுறவுக்குச் சான்றாகாது என்பது அவர் துணிபு.

இம்மொழிக்கு 1775-ஆம் ஆண்டிலேயே அச்சில் இலக்கணம் கிடைத்துவிட்டது. எனினும், ஒரு மொழி வாழ இலக்கணம் மட்டும் போதாது. அதைப் பேசுவோருக்கு நீதிமன்றம், நூல், பள்ளி ஆகிய மூன்று வாசல்களும் திறந்திருக்க வேண்டும். உத்மூர்த்து வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.

முதலில் நீதிமன்றம். 1892-இல் பழைய முல்தான் என்னும் சிற்றூருக்கு அருகே தலையற்ற பிணம் ஒன்று கிடைத்தது. உத்மூர்த்துகள் தம் தெய்வங்களுக்கு நரபலி இட்டனர் என்று குற்றம் சாட்டப்பட்டது. 1894-இலும் 1895-இலும் எழுவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. இரு தீர்ப்புகளையும் உயர்மன்றமாகிய செனட் தள்ளிவிட்டது. ‘கண் தெரியாத இசைஞன்’ நாவலால் தமிழ் வாசகரும் அறிந்த கொரலேன்கோ, இதழ்களில் எழுதியும் இறுதி விசாரணையில் வாதாடியும் அவர்களுக்குத் துணை நின்றார். முதல் உத்மூர்த்து எழுத்தாளராகப் போற்றப்படும் கிரிகோரி வெரெஷ்சாகின், அம்மக்களிடம் நரபலி வழக்கம் இல்லை என்று அறிஞர் சாட்சியம் அளித்தார். 1896-இல் எழுவரும் விடுதலை பெற்றனர். அவ்வூர் பிற்காலத்தில் கொரலேன்கோவின் பெயரையே ஏற்றது. ஓர் இனத்தின் வழக்கங்களை அறியாமலேயே அதன்மேல் பழி சுமத்துதல் எத்துணை எளிது என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

அடுத்தது நூல். புரட்சிக்குப் பின் 1920-இல் இம்மக்களுக்குத் தன்னாட்சி வட்டாரம் அமைந்தது. தாய்மொழியில் ஏடுகளும் பாடநூல்களும் பெருகின. நாட்டுப்பாடல்களைத் திரட்டிய கவிஞர் குசெபாய் கெர்த் அவ்வெழுச்சியின் முதன்மைக் குரல். அஷால்ச்சி ஓக்கி முதற்பெண் கவிஞர். கண் மருத்துவரும் ஆவார். 1932-இல் கெர்த் கைதானார். பின்லாந்தின் துணையோடு தம் மண்ணைப் பிரிக்கச் சதி செய்தார் என்பது புனையப்பட்ட குற்றச்சாட்டு. 1937 நவம்பர் 1 அன்று சந்தர்மோக் காட்டில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஓக்கி கவிதையை விட்டு மருத்துவத்தோடு நின்றார். 1958-இல் கெர்த் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். ஆனால், எழுதப்படாமற்போன நூல்களை எந்த அறிவிப்பு மீட்டுத்தரும்?

மூன்றாவது பள்ளி. 2018-இல் உருசியக் கல்விச் சட்டம் திருத்தப்பட்டது. குடியரசுகளின் மொழிகளைக் கற்பது பெற்றோரின் விருப்பத்தைப் பொறுத்தது என்றாயிற்று. விருப்பம் என்ற சொல் கேட்க இனிது. வேலையும் தேர்வும் உயர்கல்வியும் உருசியத்தில் இருக்கையில், எளிய பெற்றோர் எதை விரும்புவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதை எதிர்த்த அறிஞர் அல்பெர்த் ராசின், 2019 செப்டம்பர் 10 அன்று, தமது 79-ஆம் வயதில், இஷெவ்ஸ்க் நகரில் குடியரசு மன்றத்தின் முன்னர்த் தீக்குளித்து மாண்டார். அவர் தேர்ந்த வழியை நாம் போற்றவில்லை. அவருடைய துயரத்தை மறக்கவும் இயலவில்லை.

1989-இல் உருசியாவில் ஏறத்தாழ 7,15,000 பேர் தம்மை உத்மூர்த்து என்று பதிந்தனர். 2021-இல் அத்தொகை ஏறத்தாழ 3,86,000. இனம் குறிக்கப்படாதோர் பலர் என்பதைக் கருதினாலும், இச்சரிவு சிறிதன்று.

2012-இல் புரானோவோ என்னும் உத்மூர்த்துச் சிற்றூரின் பாட்டிமார், யூரோவிஷன் பாட்டுப்போட்டியில் பெரும்பகுதி தம் மொழியிலேயே பாடி இரண்டாமிடம் பெற்றனர். உலகம் எழுந்து கைதட்டியது. மேடையில் ஒரு மொழியைக் கொண்டாடுதல் எளிது. அப்பாட்டிமாரின் பேரக்குழந்தைகள் வகுப்பறையில் அம்மொழியில் எழுதவும் படிக்கவும் இடமுண்டா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.