சங்கராவா, நவரையா? தாடைக்கு அடியில் பாருங்கள்

நவரை என்றதும் டிசம்பர், ஜனவரியில் தொடங்கும் நெல் பட்டம்தான் உங்களுக்கு நினைவுக்கு வரும். கடற்கரையில் அதே பெயரில் ஒரு மீன் இருக்கிறது. சில ஊர்களில் நகரை என்பார்கள். ராமேஸ்வரம், மண்டபம், தூத்துக்குடி பக்கமிருந்து மதுரைக் கரிமேட்டுக்கு வரும் கூடைகளிலும், பைக்கில் கிராமத்துக்கு வரும் ஐஸ் பெட்டிகளிலும் சிறிய நவரை சங்கராவோடு கலந்து கிடக்கும். இரண்டும் வெள்ளியும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம், ஏறக்குறைய ஒரே அளவு. நவரை பெரும்பாலும் விலை குறைந்த மீன். அடையாளம் தெரியாவிட்டால் அதற்கும் சங்கரா விலை கொடுத்துவிடுவீர்கள். வியாபாரி ஏமாற்றுகிறார் என்று எப்போதும் சொல்ல முடியாது. இழுவலையில் இரண்டும் ஒன்றாகவே சிக்குகின்றன.

மீனை மல்லாக்கப் போட்டுத் தாடைக்கு அடியில் பாருங்கள். நவரைக்கு அங்கே இரண்டு மீசைகள் உண்டு. உயிரோடு இருக்கும்போது அவற்றால் கடலடி மணலைத் துழாவிப் புழு, சிறு இறால் போன்றவற்றைத் தேடித் தின்னும். செத்த மீனில் இந்த மீசை தொண்டைப் பக்கம் மடங்கி ஒட்டிக் கிடக்கும். பலர் தவறவிடுவது இங்கேதான். நகத்தால் நெம்பினால் எழுந்து வரும். கெளுத்திக்கும் மீசை உண்டே என்பீர்கள். கெளுத்தி வகைகள் பலவற்றில் வாயைச் சுற்றி நான்கு ஜோடி இருக்கும், செதிள் இருக்காது. நவரைக்குத் தாடையில் ஒரே ஜோடி, உடம்பில் பெரிய செதிள். சங்கராவுக்கு மீசையே கிடையாது.

மீசை அறுந்துபோயிருந்தால் முதுகைப் பாருங்கள். நவரையின் முதுகுத் துடுப்பு இரண்டாக, நடுவில் நல்ல இடைவெளி விட்டு நிற்கும். சங்கராவுக்கு ஒரே நீளத் துடுப்பு. கருவாட்டிலும் இந்த அடையாளம் உதவும்.

நவரையிலேயே எந்த இனம் என்று அறிய வாலை விரித்துப் பார்க்க வேண்டும். நம் கடலில் சாதாரணமாகக் கிடைக்கும் சிறிய இனம் உபெனியஸ் சல்ஃபூரியஸ். 1829-ல் கூவியே என்ற பிரெஞ்சு அறிஞர் பெயரிட்டது. பக்கவாட்டில் இரண்டு மஞ்சள் கோடுகள், முன் முதுகுத் துடுப்பின் நுனியில் கறுப்பு, வாலில் பட்டை எதுவும் இல்லை. கோடு ஒன்றே ஒன்றாக இருந்து, வாலின் மேல் பாதியில் மட்டும் பட்டைகள் இருந்தால் அது மொலுக்கென்சிஸ். வாலின் இரண்டு பாதியிலும் பட்டை இருந்து, கீழ்ப்பாதியில் ஒரு பட்டை மட்டும் அகலமாகக் கறுத்திருந்தால் விட்டேட்டஸ். உடம்பெல்லாம் புள்ளி தெளித்தது போல, மூக்கிலிருந்து கண் வழியாக வால் வரை கரும்பழுப்புக் கோடு ஓடினால் ட்ராகுலா. சமையலுக்கு இவ்வளவு தேவையில்லை. மொத்தமாக வாங்கித் தரம் பிரிப்பவர்களுக்குத் தேவை.

மஞ்சள் கோட்டை மட்டும் நம்ப வேண்டாம். ஐஸில் கிடந்தால் அது வெளுத்துவிடும். வால் பட்டைகள் அதைவிட அதிக நேரம் தெரியும். நவரையின் சதை மென்மையானது, வயிறு சீக்கிரம் குழைந்துவிடும். செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது “ராமேஸ்வரம் விசைப்படகில் நேற்று பிடித்தது” என்று யாராவது சொன்னால், செவுளை இன்னொரு முறை தூக்கிப் பாருங்கள். அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன் வரலாம், மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வந்ததாகவும் இருக்கலாம்.

மீசையைப் பார்த்துவிட்டு, இதைப் பண்ணைக்குட்டையில் விடலாமா என்று கேட்கிறார்கள். முடியாது. இது கடல் மீன். கிணற்றுத் தண்ணீரிலோ வைகைத் தண்ணீரிலோ பிழைக்காது. “மீசை வைத்த கடல் மீன் குஞ்சு” என்று யாராவது விற்க வந்தால், மீசைகளை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது கெளுத்தி வகை. ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருந்தால் வளர்க்கவே தடை இருக்கிறது. குட்டைக்குக் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை அரசு மீன் பண்ணையில் கேட்டு வாங்குங்கள்.