குண்டுத்துணி

குண்டுத்துணி என்பது, குழல்வாய் வழியே வெடிமருந்திட்டுக் கெட்டிக்கும் புரிக்குழல் துப்பாக்கியில் உருண்டை ஈயக்குண்டைச் சுற்றி உள்ளே செலுத்தும் எண்ணெயிட்ட துணித்துண்டு. இதைப் பயன்படுத்துவோர் 'பேட்ச்' என்றே சொல்வர். குண்டைக் குழலின் உள்விட்டத்தைவிடச் சற்றுச் சிறிதாக வார்ப்பார்கள். துணி அந்த இடைவெளியை நிரப்பிப் புரிப் பள்ளங்களைப் பற்றிக்கொள்வதால் குண்டு சுழன்று செல்கிறது. மருந்து எரிந்து எழும் வாயுவும் பக்கவாட்டில் கசிவதில்லை. குழல்வாயைத் தாண்டியதும் காற்றின் எதிர்ப்பில் துணி கழன்று விழ, குண்டு மட்டும் இலக்கை நோக்கிப் போகும். தமிழகத்து நாட்டுத் துப்பாக்கியும் இலங்கையின் இடியன் துவக்கும் பெரும்பாலும் புரியில்லாத குழலில் ரவை இட்டுச் சுடப்படுபவை. அவற்றில் திணிக்கும் அடைப்பு வேறு வகை. இங்கே அது சேராது.

குழலுக்குள் புரி வெட்டும் வழக்கம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய நாடுகளில் தோன்றியது. தொடக்கத்தில் குண்டைக் குழலின் முழு அளவுக்கே வார்த்து, இரும்புக் கோலை வைத்து மரச்சுத்தியால் அடித்து இறக்கினார்கள். ஈயம் நசுங்கி உருக்குலைந்தது. ஒரு முறை கெட்டிக்கவே நெடுநேரம் பிடித்தது. சிறு குண்டைத் துணியில் பொதிந்து கைவலுவாலேயே தள்ளிவிடலாம் என்று பின்னர் கண்டுகொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் இம்முறையை உடன் கொண்டுசென்றனர். லங்காஸ்டர் வட்டாரத்தில் அவர்கள் செய்த நீண்ட துப்பாக்கியின் புகழில் பாதி இந்தத் துணிக்கே உரியது. துணி வைப்பதற்கென்றே துப்பாக்கிக் கட்டையின் வலப்புறத்தில் ஒரு சிறு பெட்டி குடைந்தார்கள். முதலில் அதன் மூடி இழுத்துத் திறக்கும் மரப்பலகை. பின்னர் கீல் வைத்த பித்தளைத் தகடு. அத்தகட்டில் பூக்களும் கொடிகளும் செதுக்குவதில் கொல்லர்கள் தம் கைவண்ணம் முழுவதையும் காட்டினர். இன்று பழந்துப்பாக்கி ஒன்றின் ஊரையும் பட்டறையையும் அறிஞர்கள் கணிக்க அந்த மூடியின் வடிவமே பெரிதும் துணைநிற்கிறது.

பிரிட்டிஷ் படையில் எசக்கியேல் பேக்கரின் துப்பாக்கி 1800இல் வுல்விச்சில் நடந்த சோதனைக்குப்பின் ஏற்கப்பட்டது. அதன் உள்விட்டம் 0.625 அங்குலம், ஏழு பள்ளங்கள் 30 அங்குலக் குழலில் கால் சுற்றுச் சுற்றின. அதற்கும் தொடக்கத்தில் மரச்சுத்தி வழங்கப்பட்டது; விரைவிலேயே தேவையற்றதெனக் கைவிடப்பட்டது. 1837இல் வந்த பிரன்ஸ்விக் துப்பாக்கியில் குண்டைச் சுற்றி ஒரு வளையமேடு இருந்தது. அதற்கும் துணி வேண்டியிருந்தது. 1849இல் மினியே வடிவமைத்த, அடிப்புறம் குழிந்த கூர்குண்டு வெடிப்பின் வேகத்திலேயே விரிந்து புரியைப் பற்றியதால், படைகளில் குண்டுத்துணியின் காலம் முடிந்தது. 1857இல் இந்தியச் சிப்பாய்களைக் கொதிக்கச்செய்த கொழுப்பு, துணியில் இட்டதன்று. 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் பூசியது.

பழங்காலத் துணி பருத்தியன்று, ஆளிநார் லினன். ஆளிச்செடி பயிரிட்டு வீட்டிலேயே நூற்ற அமெரிக்கக் குடியேறிகளுக்கு அதுவே மலிவாகக் கிடைத்தது. 1790களில் ஸ்லேட்டரின் நூற்பாலையும், 1794இல் காப்புரிமை பெற்ற விட்னியின் பருத்தி அரைவை எந்திரமும் வந்தபின்னரே அமெரிக்கக் கடைகளில் பருத்தித்துணி குவிந்தது. அதன்பின் பருத்தி நிலைபெற்றது.

எல்லாப் பருத்தித்துணியும் இதற்கு உதவாது. நெருங்கிய நெசவு முதல் தேவை. நீலக்கோடு போட்ட மெத்தை உறைத்துணியும் டிரில்லும் ஏற்றவை. பனியன் துணிபோல இழுத்தால் நீளும் பின்னல்துணி அறவே ஆகாது. பாலியெஸ்டர் கலந்ததும் கூடாது. அது வெப்பத்தில் உருகிக் குழலில் ஒட்டும். சந்தேகம் இருந்தால் ஓர் இழையை உருவித் தீயில் காட்டிப் பார்ப்பார்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலாகும். கலப்பிழை சுருண்டு கெட்டியான மணியாகிவிடும்.

கடையிலிருந்து வந்த துணியைத் துவைக்காமல் பயன்படுத்துவது இத்துறையில் மிகப் பரவலான தவறு. தறியில் பாவு அறாமலிருக்க இட்ட கஞ்சியும், விற்பனைக்காக ஏற்றிய மொடமொடப்பும் இழைகளுக்குள் எண்ணெய் ஊறவிடாமல் தடுக்கின்றன. வெந்நீரில் சோப்பிட்டு ஒருமுறைக்கு இருமுறை துவைத்து, நுரை போக அலசி, நன்றாக உலர்த்தித் தேய்க்க வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவம் எதையும் சேர்க்கலாகாது. துவைத்ததும் துணி சுருங்கும். நெசவு இறுகித் தடிமன் கூடும். ஆகவே அளவெடுப்பது துவைத்த பின்புதான். காலிப்பரின் தாடைகளுக்கிடையே துணியை வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் இறுக்கி அளக்க வேண்டும்; தளர்வாகப் பிடித்தால் அளவு பொய்க்கும். உள்விட்டம் 12.7 மி.மீ. உள்ள குழலுக்கு 12.45 மி.மீ. குண்டும் 0.38 முதல் 0.46 மி.மீ. வரை தடிமனுள்ள துணியும் வழக்கமான இணை. இடைவெளியோ பக்கத்துக்கு 0.13 மி.மீ. கூட இல்லை. மேட்டில் துணி நசுங்கும், பள்ளத்தில் பிதுங்கும். பிடிப்பு வருவது அப்படித்தான்.

துணியை வட்ட வெட்டுளி கொண்டு முன்னரே வெட்டிவைப்பது ஒரு முறை. குழல்வாயிலேயே வெட்டுவது பழைய முறை, சிறந்ததும் அதுவே. எண்ணெயிட்ட துணிப்பட்டையைக் குழல்வாயில் விரித்து, குண்டை நடுவில் வைத்து, விளிம்புக்குச் சற்றுக் கீழிறங்கும்வரை அழுத்துவார்கள். மேலே நிற்கும் துணியைத் திரட்டி முறுக்கிப் பிடித்து, கூரிய கத்தியைக் குழலின் முகப்போடு ஒட்டி ஓட்டினால் மிச்சம் கையோடு வந்துவிடும். குண்டு எப்போதும் துணியின் நட்டநடுவில் அமைய இதைவிட உறுதியான வழி இல்லை.

மசகுக்கு மாட்டுக்கொழுப்பு, கரடிநெய், தேன்மெழுகு கலந்த கொழுப்பு, ஆலிவ் எண்ணெய் எனக் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தினர். உடனே சுடுவதானால் எச்சிலே போதும். நெடுநேரம் கெட்டித்தே வைத்திருக்கும் வேட்டைக்கு எச்சில் ஆகாது. ஈரம் காய்ந்துவிடும், மருந்தையும் கெடுக்கும். துணி ஊறியபின் பிழிந்து, தொட்டால் கையில் படியும் அளவுக்கே எண்ணெயை நிறுத்துவர். மிகுந்தால் மருந்து நனையும்.

தயாரிப்பின் குறையை, சுட்டபின் தரையில் விழுந்த துணியே சொல்லிவிடும். நடுவில் கரிவட்டமும் ஓரத்தில் சற்றே பிரிந்த இழையுமாக இருந்தால் எல்லாம் சரி. நடுவில் எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் மசகு போதவில்லை, அல்லது துணி மெல்லியது. பள்ளங்களின் இடைவெளிக்கேற்ப வரிசையாக அறுந்திருந்தால் குற்றம் துணியில் இல்லை. குழலின் விளிம்பு கூராக இருக்கிறது. சில துணிகள் கனன்றுகொண்டே விழுவதால், காய்ந்த புல்வெளியில் ஒவ்வொன்றையும் தேடி மிதித்து அணைக்க வேண்டும்.

பிற்காலத்தில் தொலைநோக்கி செய்து பெயர்பெற்ற ஆல்வன் கிளார்க் 1840இல் குழல்முனையில் பொருத்திக் கழற்றக்கூடிய பொய்வாய்க்குக் காப்புரிமை பெற்றார். குறிப்போட்டித் துப்பாக்கிகளில் குண்டைக் கோணாமல் உள்ளே தொடங்கிவைக்க அது உதவியது. இன்று அமெரிக்காவில் 1933இல் தோன்றிய, குழல்வாய் வழியே கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கான தேசிய சங்கத்தினரும், 1971 முதல் அத்துப்பாக்கிகளுக்கான உலகப் போட்டிகளை நடத்தும் பன்னாட்டுக் குழுவைச் சார்ந்தவர்களும் இக்கலையைப் பேணிவருகின்றனர். வெட்டி எண்ணெயிட்ட துணிகள் கடைகளிலும் கிடைக்கின்றன.