மூன்று நாள் சிவப்பு: கொழும்பில் ருபெல்லாவின் கதை

ருபெல்லாவுக்கு நம்மவர் பேச்சில் சொந்தமாக ஒரு பெயர் கிடையாது. சின்னமுத்து என்கிறோம், கொப்புளிப்பான் என்கிறோம், கூகைக்கட்டு என்கிறோம். இதை மட்டும் 'ஜேர்மன் சின்னமுத்து' என்று அடைமொழி ஒட்டிச் சமாளித்து வந்திருக்கிறோம். அதிலும் நியாயம் உண்டு. இலேசான காய்ச்சல், காதுக்குப் பின்னால் நெரி கட்டுதல், மூன்று நாளைக்குப் பொடிப்பொடியாக ஒரு சிவப்பு. நாலாம் நாள் பிள்ளை விளையாடப் போய்விடும். இதற்கென்று ஒரு பெயரைத் தேடி யார் மினக்கெடப் போகிறார்கள்?

வைத்தியர்களும் நெடுங்காலம் மினக்கெடவில்லை. அம்மையையும் சின்னமுத்தையும் பிரித்து எழுதிய பெருமை அர்-ராஸிக்கு உண்டு. பாரசீகத்து ரை நகரத்தில் பிறந்து பக்தாதில் வைத்தியம் பார்த்த அவருடைய நூல் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாடப் புத்தகம் போலப் புழங்கியது. நமது மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது வழக்கம், வாங்கட்டும். ஆனால் மூன்று நாள் சிவப்பு தனியான ஒரு நோய் என்று கண்டுகொள்ள 18ஆம் நூற்றாண்டு ஜேர்மன் வைத்தியர்கள் வரவேண்டியிருந்தது. 'ருபெல்லா' என்ற பெயரை 1866ல் வைத்தவர் ஹென்றி வீல் என்ற பிரித்தானிய இராணுவ வைத்தியர். இந்தியாவில் கண்ட நோயாளிகளை வைத்துத்தான் அவர் எழுதினார். 1881ல் இலண்டனில் கூடிய சர்வதேச மருத்துவ மாநாடு இதைத் தனி நோயென்று ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் அறுபது வருடம், இதனால் யாருக்கும் பெரிய கெடுதி இல்லை என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அந்த நினைப்பை உடைத்தவர் சிட்னியில் இருந்த நோர்மன் கிரெக் என்ற கண் வைத்தியர். 1941ல் அவரிடம் கண்ணில் வெண்படலத்தோடு பிறந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையில் வந்தார்கள். காத்திருந்த இரண்டு தாய்மார், "வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எனக்கும் அந்தச் சிவப்பு வந்தது" என்று பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்ததாக ஒரு கதை உண்டு. சக வைத்தியர்களிடம் எழுதிக் கேட்டு மொத்தம் 78 குழந்தைகளின் விபரத்தைத் திரட்டினார். அவர்களில் 68 பேரின் தாய்மாருக்குக் கர்ப்பகாலத்தில் ருபெல்லா வந்திருந்தது. அவுஸ்திரேலியாவில் 1940ல் ருபெல்லா பெரிதாகப் பரவியிருந்தது. யுத்தகாலம், படை முகாம்களில் நெருக்கி அடைத்திருந்த இளைஞர்கள், லீவில் வீட்டுக்குப் போன கணவன்மார். நோய் கைமாறிய வழி அதுதான்.

கிரெக்கை உடனே யாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. 1944ல்கூட இலண்டன் லான்செட் இதழ் சந்தேகத்தோடுதான் எழுதியது. பிள்ளையின் குறை பரம்பரையில் வரும், இல்லாவிட்டால் பிரசவத்தில் ஏற்படும் என்றுதான் அன்றைய வைத்தியம் நம்பியது. தாய்க்கு வந்த மூன்று நாள் சிவப்பு பிள்ளையின் கண்ணையும் காதையும் இருதயத்தையும் மூளையையும் கெடுக்கும் என்பது நம்பக் கஷ்டமாக இருந்தது.

அதை எண்கணக்கால் நிறுவியவர் ஒலிவர் லங்காஸ்டர் என்ற புள்ளிவிபரவியலாளர். எனக்கு இந்த வரலாற்றில் ஆகப் பிடித்த இடம் இதுதான். அவுஸ்திரேலியாவின் 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 10 முதல் 14 வயதுக்குள் காது கேளாதவர்கள் எண்ணிக்கை துருத்திக்கொண்டு நின்றது. 1921ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அதே துருத்தல் 20 முதல் 24 வயதுக்கு நகர்ந்திருந்தது. அதாவது 1899ஐ ஒட்டிப் பிறந்த ஒரு கூட்டம், பத்து வருடத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தது. அந்த ஆண்டுகளை ருபெல்லா பரவிய காலத்தோடு பொருத்திப் பார்த்து, செவிட்டுத்தன்மையை ஒரு தொற்றுநோயாகவே பார்க்க வேண்டும் என்று 1951ல் எழுதினார். அரசாங்கம் எதற்கோ எடுத்த கணக்கில், யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் நாற்பது வருடம் கிடந்திருக்கிறது. வைரஸைப் பிரித்தெடுத்தது அதற்கும் பிறகு, 1962ல், அமெரிக்காவில்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். கர்ப்பிணிகளைத் தாக்கிய ருபெல்லாப் பரவல்களைப் பட்டியலிடும் ஆய்வுகளில் ஓமான் 1993 என்று வருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இலங்கை 1994–95 என்றும் வரும். யுத்தமும் தேர்தலும் பேச்சுவார்த்தையும் பத்திரிகைகளை நிறைத்திருந்த காலம். வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த நம் சனங்கள் புத்தளத்திலும் கொழும்பிலும் கிடைத்த அறைகளில் முடங்கியிருந்த காலமும் அதுதான். மூன்று நாள் சிவப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த நாட்களில் நான் கொட்டாஞ்சேனையில், ஜிந்துப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருந்தேன். கொழும்பில் தோட்டம் என்றால் மரம் நிற்கிற தோட்டமல்ல என்பது வாசகர்களுக்குத் தெரியும்: ஒரே பைப், ஒரே ஒழுங்கை, சுவரோடு சுவர் ஒட்டிய இருபது வீடு. பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு 1995ல் ஒரு பெண்பிள்ளை கிடைத்தது. ஆறேழு மாதத்தில் விளங்கிவிட்டது, கதவை அறைந்தாலும் பிள்ளை திரும்புவதில்லை. ஒரு கண்ணில் பால்போல ஒரு படலம். வீட்டில் கூடி வழக்குப் பேசினார்கள். கிரகணத்தன்று வெளியே இறங்கினாள் என்றார் மாமியார். கண்ணூறு என்றார் இன்னொருவர். மஃரிபு நேரத்தில் தலையை மூடாமல் பைப்படிக்குப் போனாள் என்று மூன்றாவது ஆள். தண்ணி ஓதிக் கொடுத்தார்கள், இசிம் எழுதிக் கட்டினார்கள். இரண்டு வருடத்தில் அந்த மனுசனும் வேறு வீடு பார்த்துக்கொண்டார்.

கனகாலத்துக்குப் பிறகு வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு துணிக்கடை வாசலில் அந்த ராத்தாவைக் கண்டேன். மகளும் கூட வந்திருந்தாள்; இரண்டு பேரும் கையால் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கதையோடு கதையாக, கர்ப்பமாக இருந்தபோது ஏதும் வருத்தம் வந்ததா என்று கேட்டேன்.

"வருத்தமென்டு ஒண்டுமில்ல தம்பி. ரெண்டாம் மாசத்துல மூணு நாள் மேலெல்லாம் பொடிப்பொடியா செவந்து ஈந்த. பக்கத்தூட்டுப் புள்ளயளுக்கும் வந்த. வேர்க்குரு என்டு நெனச்சிட்டு உட்டுட்டன்."

ஒரு மனுசியின் ஞாபகத்தை வைத்து நோயை நிர்ணயிக்க முடியாது. அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும், அதுவும் அந்த நேரத்திலேயே. ஆனால் இரண்டாம் மாதம், மூன்று நாள், காது, கண் என்று அவர் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், கிரகணத்தின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. முதல் 12 வாரத்துக்குள் தாய்க்கு ருபெல்லா தொற்றினால் பத்தில் எட்டு, ஒன்பது கருவுக்குப் பாதிப்பு ஏற்படுகிறது. ஐந்து மாதம் கடந்தபின் தொற்றினால் அந்தக் குறைகள் அரிது. உறுப்புகள் உருவாகிற வாரங்களில் வந்தால் வினை, அவை உருவான பிறகு வந்தால் பெரும்பாலும் தப்பு. அந்த ராத்தாவுக்கு யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை.

கண்ணும் காதும் ஒரு பக்கம். மூளையின் கதை இன்னும் ஆழமானது. 1964–65ல் அமெரிக்காவில் பரவிய ருபெல்லாவால் சுமார் 20,000 குழந்தைகள் பாதிப்போடு பிறந்தார்கள். அவர்களில் 243 பேரை நியூயோர்க்கில் தொடர்ந்து கவனித்த மனநல வைத்தியர் ஸ்டெல்லா செஸ், 18 பேரிடம் ஓட்டிசத்தை முழுமையாகவோ பகுதியாகவோ கண்டதாக 1971ல் எழுதினார். அந்நாளைய சராசரியோடு ஒப்பிட்டால் அது மிகப் பெரிய எண்ணிக்கை. பிள்ளையோடு ஒட்டாத 'குளிர்ந்த தாய்' தான் ஓட்டிசத்துக்குக் காரணம் என்று மேற்கத்திய மனநல வைத்தியம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் படித்த பாஷையில் சொன்னதும் கொட்டாஞ்சேனை மாமியார் சொன்னதும் ஒன்றுதான்: குற்றவாளி தாய்.

வைரஸ் மூளைக்குள் என்ன செய்கிறது என்பது அண்மைக்காலத்தில்தான் துலங்கி வருகிறது. மூளைக்குள் மைக்ரோகிளியா என்று ஒருவகைக் கலங்கள் இருக்கின்றன. நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்தவை. இவை மூளையில் பிறந்தவையல்ல. கரு தோன்றிய ஆரம்ப வாரங்களில் கருவூண் பையில் பிறந்து, பயணம் செய்து மூளையில் குடியேறியவை என்று 2010ல் எலிகளில் காட்டப்பட்டது. காவல் காப்பது மட்டும் அவற்றின் வேலையல்ல. வளரும் மூளை தேவைக்கு மேலே நரம்பிணைப்புகளைப் போட்டுவைக்கும்; மிகையானவற்றை மைக்ரோகிளியா விழுங்கிக் கழிக்கும். இது 2012ல் தெளிவாகியது. காவற்காரனே தோட்டக்காரனாகவும் இருக்கிறான். 2023ல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளரும் மனித மூளையின் திசுவில் ருபெல்லா வைரஸை விட்டுப் பார்த்தார்கள். அது நரம்புக் கலங்களைவிட மைக்ரோகிளியாவுக்குள்தான் பெரும்பாலும் புகுந்தது. ஆய்வுகூடத்தில் வளர்த்த சிறு மூளைத் திசுக்களில், நோயெதிர்ப்புப் படை எழுப்புகிற அபாயச் செய்தி மற்றக் கலங்களின் போக்கையும் மாற்றியதைக் கண்டார்கள். இதை வைத்து எல்லாம் விளங்கிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நோயெதிர்ப்பு ஒரு பாடம், மூளை வளர்ச்சி இன்னொரு பாடம் என்று நாங்கள் பள்ளியில் படித்த பிரிவினை இனி நிற்காது.

1994–95ன் அனுபவத்துக்குப் பிறகு இலங்கை தாமதிக்கவில்லை. 1996ல் பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களுக்கு ருபெல்லா ஊசி தொடங்கியது. ஏன் முதலில் குழந்தைகளுக்குப் போடவில்லை என்று கேட்கலாம். அதற்குப் பின்னால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாதிக் குழந்தைகளுக்கு மட்டும் ஊசி போட்டால் நோய் அழியாது, அதன் ஓட்டம் மட்டும் குறையும். ஐந்து வயதில் வந்து போயிருக்க வேண்டிய ருபெல்லா, ஊசி போடாத பெண்ணுக்கு இருபத்தைந்து வயதில், வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது வரும். கிரேக்கத்தில் இது நடந்தது. 1970களிலிருந்து அங்கே அரைகுறையாக ஊசி போட்டு வந்தார்கள். 1993ல் ருபெல்லா பரவி, 25 குழந்தைகள் பாதிப்போடு பிறந்தன. ஆகவே இங்கே முதலில் பெண்களைப் பாதுகாத்தார்கள். 2001ல் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் இருபாலாருக்கும், சின்னமுத்து–ருபெல்லா ஊசி வந்தது. 2011ல் அதோடு கூகைக்கட்டும் சேர்ந்து எம்.எம்.ஆர். ஆனது. வீட்டுக்கு வீடு ஏறி இறங்கிய குடும்பநல மாதர்களின் கால்வலியில்தான் இது நடந்தது. இலங்கை ருபெல்லாவை ஒழித்துவிட்டதாக 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கொரோனாக் காலம், அந்தச் செய்தியையும் யாரும் கவனிக்கவில்லை.

அந்தக் கொரோனாக் காலம் நமக்கு விட்டுப்போன காயத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. மையித்துகளை எரித்தார்கள். அதன் பிறகு சுகாதாரத் துறை எது சொன்னாலும் நம்மில் ஒரு சாரார் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். அந்தச் சந்தேகம் எங்கேயிருந்து வந்தது என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் அதற்கான விலையை எரிக்க உத்தரவு போட்டவர்கள் கொடுக்கப் போவதில்லை. நம் வீட்டில் இன்னும் பிறக்காத பிள்ளை கொடுக்கும்.

ஊசியில் பன்றி ஜெலட்டின் இருக்கிறதே என்ற கேள்வி வேறு வகை. அது மார்க்கக் கேள்வி, மரியாதையாகப் பதில் சொல்லப்பட வேண்டியது. பதிலும் பழையதுதான். இங்கே ருபெல்லா பரவிக்கொண்டிருந்த அதே 1995ல், மே மாதம், குவைத்தில் மார்க்கச் சட்ட அறிஞர்களும் வைத்தியர்களும் ஒன்றாக அமர்ந்து இதை ஆராய்ந்தார்கள். ஒரு பொருள் தன் தன்மையே மாறி வேறொன்றாகிவிடும் 'இஸ்திஹாலா'வின் அடிப்படையில் அத்தகைய ஜெலட்டின் சுத்தமானதே என்று முடிவு சொன்னார்கள். இந்தோனேசிய உலமா சபை 2018ல் வேறு வழியால் வந்தது: தயாரிப்பில் பன்றிப் பொருள் பயன்பட்டதால் சின்னமுத்து–ருபெல்லா ஊசி ஹராம், ஆனால் மாற்று இல்லாத நிர்ப்பந்தத்தால் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு. சனங்கள் முதற்பாதியை மட்டும் காதில் வாங்கினார்கள். முந்திய வருடம் ஜாவாவில் இலக்கை எட்டிய அதே திட்டம் மற்றத் தீவுகளில் சறுக்கியது. ஆச்சேயில் மிக மோசமாக. பத்வாவை முழுதாக வாசிக்காததன் பலன்.

'சிலர் செய்தால் மற்றவர் கடமை நீங்கும்' என்று பர்ளு கிபாயாவைக் காட்டி, ஊரார் போடட்டும் நம் பிள்ளைக்கு வேண்டாம் என்று வாதிட்ட ஒருவரை நான் அறிவேன். ஜனாஸாத் தொழுகைக்கு அது பொருந்தும். ருபெல்லாவுக்கு, கிரேக்கத்தில் கண்டபடி, சிலர் மட்டும் செய்வது யாருமே செய்யாததைவிடக் கேடாக முடியலாம்.

2023ல் சின்னமுத்து கொழும்புக்குத் திரும்பி வந்தது. ஒழித்துவிட்டதாக 2019ல் சான்றிதழ் வாங்கிய நோய் அது. ஊசி தவறிய பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க 2024 ஜனவரியில் 9 மாவட்டங்களில் விசேட ஏற்பாடு நடத்த வேண்டி வந்தது. சின்னமுத்துக்கும் ருபெல்லாவுக்கும் ஒரே ஊசிதான். சின்னமுத்து நுழைந்த ஓட்டையால் ருபெல்லாவும் நுழையலாம். சின்னமுத்து பளிச்சென்று தெரியும், பிள்ளையைப் படுக்கையில் போடும், வாப்பாவும் உம்மாவும் ஓடுவார்கள். ருபெல்லா மூன்று நாளில் போய்விடும். அது வந்து போனது ஏழெட்டு மாதம் கழித்துப் பிரசவ அறையில்தான் தெரியவரும்.

நிக்காஹ் பேசுகிற வீடுகளில் சீதனம், மஹர், மண்டபம் எல்லாம் பேசுகிறோம். பெண்ணின் பழைய கிளினிக் அட்டையை எடுத்து, ருபெல்லா ஊசி பதிந்திருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். இல்லையென்றால் கர்ப்பத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிக்கு இந்த ஊசி போடுவதில்லை. பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் விபரம் சொல்வார்கள்.