தொலைக்காட்சி மின்வழங்கிப் பலகை: வீட்டில் பழுது காணல்

மின்வழங்கிப் பலகை என்பது சுவர்ச் சொருகியிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 5, 12, 24 வோல்ட் போன்ற நேர்மின்சாரமாக மாற்றித் தொலைக்காட்சியின் மற்ற பகுதிகளுக்குத் தரும் பலகை. பழுதுபார்க்கும் கடைகளில் பவர் போர்டு, சப்ளை போர்டு, எஸ்எம்பிஎஸ் என்பார்கள். திரையில் படமில்லை, ஒலியில்லை, முகப்பிலுள்ள சிவப்பு விளக்கும் எரியவில்லை என்றால் அந்தப் பெட்டியை ‘டெட்’ என்று சொல்லி ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனால் இப்படி அடங்கிப்போன பெட்டிகளில் பலவற்றில் திரையும் மெயின் போர்டும் நல்ல நிலையிலேயே இருக்கும். மலிவான சில உறுப்புகள் மட்டும் போயிருக்கும். அவற்றைக் கண்டுபிடிக்கத் தேவைப்படுவது ஒரு மல்டிமீட்டரும், வரிசை தவறாமல் தேடும் பொறுமையும். எதைத் தொடக்கூடாது என்ற அறிவு இவை இரண்டையும்விட முக்கியம்.

வெள்ளகோவில் பகுதியில் பழுது வரும் வழிகள்

திருப்பூர் மாவட்டம் காங்கேயம் வட்டத்தில், காங்கேயத்திலிருந்து கரூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த நகரம் வெள்ளகோவில். 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும்வரை ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. விசைத்தறியும் நூற்பாலையும் எண்ணெய் ஆலையும் இங்கே பிழைப்பு. தறிக்கூடமும் குடியிருப்பும் அடுத்தடுத்து இருக்கும் தெருக்களில் தொலைக்காட்சி பழுதாவதற்கென்றே சில காரணங்கள் உண்டு.

முதலாவது நியூட்ரல் அறுவது. மின்மாற்றியிலிருந்து மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே சுமார் 415 வோல்ட். ஒரு ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தால் வீட்டுக்குரிய 230 முதல் 240 வரை. கம்பத்திலோ மின்மாற்றியிலோ நியூட்ரல் இணைப்பு தளர்ந்து அறுந்தால், வேறுவேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் 415 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள நேரிடும். அந்தப் பங்கீடு சமமாக இருக்காது. சுமை அதிகமுள்ள பக்கம் மின்னழுத்தம் விழும். குறைவான பக்கம் 300ஐத் தாண்டி 400ஐ நெருங்கும். ஒரு விளக்கும் ஒரு டிவியும் மட்டும் ஓடிக்கொண்டிருந்த வீடுதான் அடிவாங்கும். ஆகவே டிவி திடீரென்று அடங்கினால் முதல் சோதனையைத் திருப்புளி எடுக்காமலே செய்யலாம்: பக்கத்து வீடுகளில் ஃபேனோ ஃப்ரிட்ஜோ அதே நேரத்தில் போயிற்றா என்று கேட்க வேண்டும். போயிருந்தால் காரணம் தெருவில் இருக்கிறது. லைன்மேன் வந்து சரிசெய்யும்வரை புது ஃபியூஸ் போட்டுப் பயனில்லை.

இரண்டாவது பஞ்சு. தறிக்கூடத்தில் பறக்கும் இழை பெட்டியின் காற்றுத் துளைகள் வழியே உள்ளே போய்ப் பலகைமேல் படர்கிறது. வெயில் காலத்தில் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். ஐப்பசி மழையில் ஈரத்தை உறிஞ்சி, உயர் மின்னழுத்தம் ஓடும் தடங்களுக்கு நடுவே கசிவுப் பாதையாகிவிடும். மென்மையான தூரிகையால் தட்டியெடுப்பதே நல்லது. ஏர் கம்ப்ரஸர் வைத்திருப்பவர்கள் முழு அழுத்தத்தில் ஊதினால் மெல்லிய ரிப்பன் கேபிள் கழன்றுவிடும். தொட்டியில் தேங்கிய தண்ணீரும் பலகையில் தெறிக்கும்.

பல்லியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதமான சூட்டுக்காகப் பெட்டிக்குள் புகுந்து, இரண்டு தடங்களைச் சேர்த்து மிதித்துச் செத்துக் கிடப்பதைப் பழுதுபார்ப்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சித்திரை, வைகாசிக் கோடைமழையின் இடி வேறு வகை. அது கேபிள் வழியாகவும் இறங்கும் என்பதால் மெயின் போர்டையும் சேர்த்தே கொண்டுபோய்விடும்.

பலகைக்குள் நடப்பது

கம்பி வந்து சேரும் முனையில் ஃபியூஸ் இருக்கும், பெரும்பாலும் 3.15 அல்லது 5 ஆம்பியர். அதற்கு அடுத்து, நீலத்திலோ மஞ்சளிலோ வட்டத் தகடுபோல் நிற்பது எம்ஓவி. மின்னழுத்தம் எல்லை மீறினால் தன்னைக் குறுக்குச்சுற்றாக்கிக்கொண்டு ஃபியூஸை ஊதவைப்பது இதன் வேலை. நியூட்ரல் அறுந்த வீடுகளில் இது வெடித்துக் கரியாகியிருக்கும். அப்படி இருப்பது நல்ல செய்திதான், பின்னால் இருந்தவற்றைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறது என்று பொருள். பல நேரம் எம்ஓவியும் ஃபியூஸும் மாற்றினாலே பெட்டி பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து, பிரிட்ஜ் ரெக்டிஃபையர் மாறுமின்சாரத்தை நேராக்க, பலகையிலேயே பெரிய கெப்பாசிட்டர் அதைத் தேக்கிக்கொள்கிறது. 230இன் உச்சமதிப்பான சுமார் 325 வோல்ட் அதன் முனைகளில் நிற்கும். பெரிய திரைகளில் பிஎஃப்சி என்ற பகுதி இதை 380 முதல் 400 வரை உயர்த்தும். இந்த மின்சாரத்தை மாஸ்ஃபெட் என்ற உறுப்பு வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிச் சிறிய டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்புகிறது. மறுபக்கத்தில் டயோடுகளும் கெப்பாசிட்டர்களும் சேர்ந்து 5, 12 வோல்ட்டைத் தருகின்றன. ஆப்டோகப்ளர் என்ற நான்கு கால் உறுப்பு இரு பக்கத்துக்கும் இடையே ஒளியால் செய்தி கடத்தி அளவைச் சீராக வைத்திருக்கும்.

பலகையை இரண்டாகப் பிரிக்கும் அகலமான கோடு ஒன்று தெரியும். ஃபியூஸ் இருக்கும் பக்கம் ‘ஹாட்’, அதாவது நேரடியாகச் சுவர் மின்சாரத்தோடு தொடர்புடையது. மறுபக்கம் ‘கோல்ட்’. தொடக்கக்காரர்களின் விபத்துகள் ஹாட் பக்கத்தில்தான் நடக்கின்றன.

மூடியைத் திறந்த பின்

பிளக்கை உருவிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பழுதான பலகையில் அதை வடிக்க ஆளிருக்காது. ஐந்து நிமிடம் காத்திருந்து, மீட்டரை நேர்மின்சார 600 அல்லது 1000 வோல்ட் அளவில் வைத்து முனைகளை அளக்க வேண்டும். மின்னழுத்தம் இருந்தால் 2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட கம்பியில் இணைத்து வடிக்க வேண்டும். வடிந்ததா என்று மறுபடி அளக்க வேண்டும். திருப்புளியால் இரு முனைகளையும் தொட்டுப் பொறி கிளப்புவதைச் சிலர் திறமை என்று நினைக்கிறார்கள். அது கெப்பாசிட்டரையும் தடத்தையும் கெடுக்கும். உருகிய உலோகத் துணுக்கு கண்ணிலும் தெறிக்கும்.

பழைய குழாய்ப் பெட்டிகளை வீட்டில் திறக்கவே வேண்டாம். 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் பரண்மேல் இருக்கின்றன. அவற்றின் படக்குழாயில் 20,000 வோல்ட் அளவுக்கு இருந்து, அணைத்த பின்னும் தங்கும். அது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை.

முதலில் கண்ணால் தேட வேண்டும். ஃபியூஸின் கண்ணாடி உள்ளே கறுத்தோ வெள்ளிப்பூச்சு படிந்தோ இருந்தால் பின்னால் கடுமையான குறுக்குச்சுற்று இருக்கிறது. கம்பி மட்டும் நடுவே மெல்லப் பிரிந்திருந்தால் அவ்வளவு மோசமில்லை. இரண்டிலும் ஃபியூஸ் போனது விளைவு மட்டுமே. காரணத்தைக் காணாமல் புதிது போடுவதும், அதைவிடக் கேடாக அந்த இடத்தில் செப்புக் கம்பி சுற்றுவதும், சிறு செலவில் முடிய வேண்டியதைப் பலகையே எரிவதில் கொண்டுபோய் விடும்.

தலை புடைத்த கெப்பாசிட்டரைக் கண்டதும் அடையாளம் தெரியும். ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை தரக்குறைவான எலக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் கணினிகளிலும் தொலைக்காட்சிகளிலும் இப்படிப் புடைத்து வெடித்தன. இன்று அதற்குச் சூடே முக்கியக் காரணம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தொழிலில் சொல்லப்படும் கணக்கு. தகரக் கூரைக்கடியில், பஞ்சு மூடிய பெட்டியில் அது எதிர்த்திசையில் ஓடுகிறது. புடைக்காமலே உள்ளே காய்ந்தும் போகலாம். மார்கழிக் காலையில் பிளக் செருகிக் கால்மணி நேரம் கழித்தே உயிர்பெறும் பெட்டியில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். புதியது அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி தாங்குவது, துருவம் மாறாமல்.

அடுத்தது மின்சாரமில்லாமல் மீட்டரால் அளப்பது. பிரிட்ஜின் ஒவ்வொரு டயோடும் ஒரு திசையில் 0.5 வோல்ட் அளவு காட்டி, மறுதிசையில் காட்டக்கூடாது. பெரிய கெப்பாசிட்டரின் முனைகளில் மின்தடை பூஜ்யத்தை ஒட்டி நின்றால் பெரும்பாலும் மாஸ்ஃபெட் போயிருக்கிறது. இங்கே அவசரம் கூடாது. மாஸ்ஃபெட் தனியாகச் சாவது அரிது. அதன் காலில் இருக்கும் ஒரு ஓமுக்கும் குறைந்த ரெசிஸ்டரையும் அதை ஓட்டும் ஐசியையும் இழுத்துக்கொண்டே போகும். மூன்றையும் பார்க்காமல் மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றினால் சுவிட்சைப் போட்ட கணமே புதியதும் போகும்.

சரிசெய்த பலகைக்கு முதல் மின்சாரம் சீரிஸ் பல்ப் வழியாகவே போக வேண்டும். 60 அல்லது 100 வாட் இழை பல்பை ஃபேஸ் கம்பியில் தொடராகக் கோத்துவிட வேண்டும். அது ஒரு கணம் எரிந்து மங்கினால் நலம். பளீரென்று நின்றெரிந்தால் குறுக்குச்சுற்று இன்னும் இருக்கிறது. எல்இடி பல்பு இதற்கு உதவாது.

இதற்கு மேல் மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டியவை பயிற்சி உள்ளவர்களுக்கே. கெப்பாசிட்டரில் 325 வோல்ட் இருந்து 5 வோல்ட் வராவிட்டால், ஐசியைத் தொடங்கவைக்கும் ரெசிஸ்டரையோ அதற்குப் பக்கத்திலிருக்கும் 22 மைக்ரோஃபாரட் போன்ற சிறு கெப்பாசிட்டரையோ பார்க்க வேண்டும். பல்லாண்டு உழைத்த பெட்டிகளில் இந்தச் சிறியது காய்ந்துபோவது மிகச் சாதாரணம். ‘டிக் டிக்’ என்று ஓசை கேட்டு விளக்கு மினுக்கினால் மறுபக்கத்தில் ஏதோ இழுக்கிறது. மெயின் போர்டுக்குப் போகும் கம்பியைக் கழற்றியதும் 5 வோல்ட் நிலைத்தால் குற்றம் மெயின் போர்டில். ஒலி வந்து திரை மட்டும் இருண்டிருந்தால் டார்ச் அடித்துப் பார்க்கலாம். நிழலாகப் படம் தெரிந்தால் கேடு பின்விளக்கு எல்இடி பட்டைகளிலோ அவற்றை ஓட்டும் பகுதியிலோ இருக்கிறது.

கடையில் கிடைக்கும் எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும் யுனிவர்சல் பலகையை மாட்டுவது குறுக்குவழி. பின்விளக்கின் மின்னோட்டத்தைப் பழைய அளவுக்குச் சரிசெய்யாமல் மாட்டினால் சில மாதங்களில் பட்டைகள் கருகும். அதே மாடலின் பலகை கிடைக்காதபோதுதான் அந்த வழி.

திரும்ப வராமல் காக்க

இன்றைய பலகைகளில் பல 100 முதல் 240 வோல்ட் வரை தாங்களே சமாளிக்கும். தறி மோட்டார்கள் கிளம்பும்போது ஏற்படும் இறக்கத்துக்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை. தேவைப்படுவது மேலெல்லையில் துண்டிக்கும் கருவி. ஸ்பைக் கார்டு இடியின் நொடிப்பொழுது எழுச்சிக்கு ஓரளவு உதவும். நியூட்ரல் அறுந்து நிமிடக்கணக்கில் நிற்கும் 350 வோல்ட்டை அது தடுக்காது. ஹை வோல்டேஜ் கட்-ஆஃப் உள்ள ஸ்டெபிலைசரோ தனி ரிலேயோ தடுக்கும். ஸ்பைக் கார்டு வேலை செய்ய எர்த்தும் உயிரோடிருக்க வேண்டும். மழை குறைந்த இந்த மண்ணில் கோடையில் எர்த் குழி வறண்டு மின்தடை ஏறிவிடுவதால், மாசியிலிருந்து ஆனி வரை அந்தக் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.