உப்பளமும் கொல்லைத் தோட்டமும்



சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி செல்வோர், மரக்காணத்தை நெருங்கியதும் பரந்து கிடக்கும் உப்புப் பாத்திகளைக் காண்பர். கோடை வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசச் செய்யும். இம்மண்ணில் புல்லாவது முளைக்குமா என்று ஐயுறத் தோன்றும். ஆனால் சாலையை விட்டிறங்கி, மணல் மேட்டின்மேல் அமைந்த குடியிருப்புகளுக்குள் சென்று பாருங்கள். கொல்லையில் முருங்கை நிற்கும். கூரைமேல் பூசணி படர்ந்திருக்கும். கிணற்றடியில் கத்தரியும் மிளகாயும் காய்த்திருக்கும். உப்பு விளையும் ஊரில் காய்கறி விளைந்தது எவ்வாறு? அவ்வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

சிறுபாணாற்றுப்படை என்னும் சங்க நூல், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடுகையில் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊரைக் குறிப்பிடுகின்றது. அதுவே இன்றைய மரக்காணம் என்று அறிஞர் பலர் கருதுவர். உமணர் என்னும் உப்பு வணிகர் வண்டிகளில் உப்பை ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்றதையும், உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்றதையும் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் மரக்காணம் வரை நீண்டது. வண்டி சென்ற காலத்திலும் படகு சென்ற காலத்திலும் நிலைமை ஒன்றே. உப்பு வெளியே செல்ல வேண்டும். உணவு உள்ளே வர வேண்டும்.

இதில் ஓர் இடர் உண்டு. உப்பு விளைவது வெயிலால். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகளில் வேலை இராது. வேலையின்றேல் கூலியும் இராது. அளத்தொழிலாளியின் வீட்டில் அடுப்பு தடுமாறும் காலம் அது. ஆனால் அதே மழைதான் கொல்லை மண்ணின் உப்பைக் கழுவிக் கீழே இறக்குகின்றது. புரட்டாசியில் ஊன்றிய விதை கார்த்திகை, மார்கழியில் காய் தரும். கூலி நிற்கும் பருவமே கொல்லை விளையும் பருவமாக அமைந்தது. ஆகவே இங்குள்ள வீட்டுத் தோட்டம் வெறும் பொழுதுபோக்கு அன்று. மழைக்கால வயிற்றுக்குச் செய்துகொண்ட ஏற்பாடு.

அக்கொல்லையில் நிற்கும் செடிகளே ஒரு வரலாற்றுப் பாடம் எனலாம். கத்தரி நம் நாட்டுக்கு மிகப் பழமையானது. முருங்கையும் இந்திய மண்ணுக்கு உரியது. மிளகாய், தக்காளி, பப்பாளி, கொய்யா, முந்திரி ஆகியவையோ அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டவை. 1498-இல் வாஸ்கோட காமா வந்ததற்குப் பின்னரே, ஐரோப்பியரின் கப்பல் வழியே அவை நம் நாட்டை அடைந்தன. மிளகாய் வருமுன் நம் முன்னோர் உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்தனர். பெயரறியாத எத்தனையோ இல்லத்தரசியர் அயல்நாட்டு விதையைத் தம் கொல்லையில் ஊன்றிப் பார்த்து, நன்றென்று கண்டு, அண்டை வீட்டுக்கும் கொடுத்திராவிடில் இன்றைய நம் சமையல் வேறாக இருந்திருக்கும்.

அரசுகளும் அவ்வப்போது வீட்டுத் தோட்டத்தை நினைவுகூர்ந்தன. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அவ்வாண்டே நம் நாட்டில் 'அதிக உணவு விளைவிப்போம்' இயக்கம் தொடங்கியது. இங்கிலாந்தில் பூங்காக்களும் புல்வெளிகளும் காய்கறிப் பாத்திகளாயின. அமெரிக்காவில் 1943-இல் ஏறக்குறைய 2 கோடி 'வெற்றித் தோட்டங்கள்' இருந்தன என மதிப்பிடப்பட்டது. பின்னர் 1965-இல் போரும் உணவுத் தட்டுப்பாடும் ஒருங்கே வந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தம் இல்லத்துப் புல்வெளியையே உழுது பயிரிட்டார். அந்நாளில் மத்திய உணவு அமைச்சராக இருந்த நம் தமிழகத்துச் சி. சுப்பிரமணியமும் தில்லியில் தம் வீட்டுப் புல்வெளியில் புதிய கோதுமை ரகத்தை விளைவித்துக் காட்டினார்.

இவை போற்றத்தக்க முயற்சிகளே. ஆயினும் தட்டுப்பாடு நீங்கியதும் மண்வெட்டி மூலைக்குச் சென்றது. போர் முடிந்ததும் வெற்றித் தோட்டங்களுட் பல மீண்டும் புல்வெளிகளாயின. காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையும் பயிர்த்தொழிலையும் பாடத்தின் நடுவே வைத்தது. அதுவும் நாளடைவில் தேர்வுப் பாடங்களுக்கு இடம் விட்டு ஒதுங்கியது. நெருக்கடியில் நினைப்பதும், நெருக்கடி நீங்கியதும் மறப்பதும் மனித இயல்பு போலும்.

உப்புக் கரையில் அந்த மறதிக்கு இடமில்லை என்பதை நான் பட்டறிந்தேன். 1980-களின் பிற்பகுதியில், இளம் ஆசிரியனாக இக்கரையிலுள்ள ஒரு பள்ளிக்குச் சென்றேன். பயிற்சிக் கல்லூரியில் படித்தவாறு மாணவர்களைக் கொண்டு தோட்டம் போட்டேன். ஆழமாகத் துளையிட்ட குழாய்க் கிணற்று நீரைத் தாராளமாகப் பாய்ச்சினேன். பத்தே நாட்களில் கத்தரி இலைகளின் விளிம்பு கருகியது. மாணவன் ஒருவனின் பாட்டியார் உப்பளத்தில் உழைத்து முதிர்ந்தவர், தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரையா, ஆழத்துத் தண்ணி உப்பு. மேலூற்றுத் தண்ணியை மொண்டு ஊற்றுங்க. அதையும் ஒரே நாளில் மொண்டு தீர்த்துடாதீங்க" என்றார். "சரி ஆயா" என்று தலைகுனிந்தேன்.

அவர் சொன்னது அறிவியல் உண்மை. மழைநீர் மணல் மேட்டில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீர், உவர்நீரைவிட எடை குறைந்தது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே அளவின்றி இறைத்தால் கீழிருந்து உவர்நீர் எழும். உவர்நீரில் நிற்கும் வேர், ஈரத்தின் நடுவிலும் நீரை உறிஞ்ச இயலாமல் தவிக்கும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. இழந்த உயிர்களுக்கு ஈடேது? கடல்நீர் புகுந்த தோட்டங்களும் வயல்களும் உவர்நிலமாயின. ஆயினும் பல இடங்களில் அடுத்த பருவமழை உப்பைக் கழுவியது. தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுததும் மண்ணுக்கு உரமூட்டியது. மண் மீண்டும் பசுமையுற்றது. ஆனால் கவனியாது விட்ட பாத்தியில், கோடை வெயில் அடிநீரை மேலிழுக்க, உப்பு மறுபடியும் வெண்மையாகப் பூக்கும். ஆண்டுதோறும் மழையைத் தேக்கி, எருவிட்டு, சருகால் மண்ணை மூடிக் காப்பவனுக்கே அந்நிலம் விளைவு தரும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டில் ஒரு முழ இடம் இருப்பினும் போதும். உப்பு மண்ணாயின் பாத்தியை உயர்த்திக் கட்டுங்கள். பீட்ரூட் உப்பை ஓரளவு தாங்கும், பீன்ஸ் தாங்காது. தென்னையும் சப்போட்டாவும் இலந்தையும் கடற்கரைக்கு ஏற்றவை. முதலாண்டில் செடி பட்டுப்போனால் சோர்வடையாதீர்கள். பயிற்சி பெற்ற இவ்வாசிரியனுக்கும் பட்டுப்போனதே! பஞ்சம் வரட்டும் என்று காத்திராமல், நல்ல காலத்திலேயே விதையை ஊன்றுங்கள். அதை ஆண்டுதோறும் தவறாது செய்யுங்கள்.