மலாயாவில் அரசியற் கட்சிகள் எழுந்த வரலாறும் தோட்டத் தமிழரும்

ஒரு நாட்டில் வாழும் மக்கள் அனைவரையும் சுடும் வினா ஒன்று எழும்பொழுது, அதற்கு வெவ்வேறு விடை கூறுவோர் வெவ்வேறு கூட்டமாகத் திரளுகின்றனர். அக்கூட்டமே கட்சியாகிறது. மலாயா நாட்டில் அத்தகைய வினா எழுந்த ஆண்டு 1946. "இந்நாட்டின் பிரஜை யார்?" என்பதே அவ்வினா. அதற்குப் பின் பதினோர் ஆண்டுகளுக்குள் கட்சிகள் தோன்றின, பிளந்தன, கூடின. 1957 ஆகஸ்டு 31-ல் நாடு விடுதலையும் பெற்றது. அவ்வரலாற்றில் லயங்களில் வாழ்ந்த நம் மக்கள் எவ்விடத்து நின்றனர் என்பதை ஆராய்தல் நம் கடமையாம்.

யுத்தத்திற்கு முன்னர் இந்நாட்டிற் கட்சி என்று சொல்லத்தக்கவை மிகச் சிலவே. சட்டசபைகளில் அமர்ந்தோர் சர்க்காரால் நியமிக்கப் பெற்றோர். வோட்டு என்பதைப் பொதுமக்கள் அறியார். நம்மவரிடையே இருந்தவை சங்கங்களே. 1929-ம் ஆண்டின் இறுதியிற் பெரியார் ஈ. வெ. ராமசாமி இந்நாட்டிற்கு வந்து சென்ற பின்னர்ச் சீர்திருத்த உணர்ச்சி ஊரூராகப் பரவிற்று. 1932-ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அமைந்தது. 1935-ல் "தமிழ் முரசு" ஒலிக்கத் தொடங்கிற்று. 1936-ல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் தோன்றிற்று. அதனை நடத்தியவர் பெரும்பாலும் வக்கீல்களும் வணிகருமாவர்.

ஆயினும் 1941-ல் கிள்ளான் வட்டாரத்திற் பால்வெட்டுத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் நிலைமையை மாற்றிற்று. ஆர். எச். நாதன் அவர்களுக்குத் துணைநின்றார். அவர்கள் கேட்டவை கூலி உயர்வு மட்டுமா? கள்ளுக்கடை ஒழிய வேண்டும் என்றனர். கூட்டங்கூடும் உரிமை வேண்டும் என்றனர். துரைமாரையும் கிராணிமாரையும் கண்டவுடன் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர். இக்கடைசிக் கோரிக்கைக்கு ஒரு காசும் செலவில்லை. ஆயினும் துரைத்தனம் அதற்கே மிகவும் அஞ்சிற்று எனலாம். ஏனெனில், தலைநிமிர்ந்து நிற்பவன் நாளை வோட்டும் கேட்பான். பட்டாளம் வந்தது, துப்பாக்கி முழங்கிற்று, உயிர்கள் மாய்ந்தன, நாதன் நாடு கடத்தப்பட்டார்.

பின்னர் ஜப்பானியர் ஆட்சி வந்தது. சயாம் மரண ரயில்வே நம்மவரை ஆயிரமாயிரமாகப் பலிகொண்டது. 1943-ல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து, இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றபொழுது, கூலி என்று அழைக்கப்பட்டவர்கள் சிப்பாய்களாக அணிவகுத்தனர். யுத்தம் முடிந்து லயத்திற்குத் திரும்பியவர்கள், முன்பு போல் கைகட்டி நிற்க மனமில்லாதவராயினர்.

1945-க்குப் பின்னர்க் கட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. அவ்வாண்டு அக்டோபரில் ஈப்போவில் மலாய் தேசியக் கட்சியும், டிசம்பரில் சிங்கப்பூரில் மலாயா ஜனநாயக யூனியனும் தோன்றின. 1946 ஏப்ரல் 1-ல் பிரிட்டிஷார் மலாயன் யூனியன் என்னும் புதிய அமைப்பை நிறுவினர். சுல்தான்களின் அதிகாரம் பறிக்கப்பட்டது. 1942-க்கு முந்திய 15 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் இங்கு வாழ்ந்த வெளிநாட்டாரும் பிரஜாவுரிமை பெறலாம் என்றாயிற்று. மலாய் மக்கள் இதனைத் தம் வீட்டினுட் புகுந்த வெள்ளமாகக் கருதினர். தொப்பியில் வெள்ளைத் துணி கட்டித் துக்கங் காத்தனர். மே 11-ல் ஜோகூர் பாருவில் டத்தோ ஓன் பின் ஜாபர் தலைமையில் அம்னோ பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. பெயரே அதன் மனத்தைக் காட்டும்: அதன் கண்கள் பாதி டில்லியையும் பாதி கோலாலம்பூரையும் நோக்கின.

மலாயன் யூனியன் நிலைக்கவில்லை. அம்னோவும் சுல்தான்களும் சர்க்காரும் கூடிப் புதிய சமஷ்டி அமைப்பை வகுத்தபொழுது, விலக்கப்பட்ட கட்சிகள் தான் செங் லோக் தலைமையில் ஒரு கூட்டுச் சபை கண்டன. இந்தியர் காங்கிரசும் அதிற் சேர்ந்தது. இக்கூட்டுச் சபையும் மலாய் தேசியக் கட்சி முதலியவற்றின் கூட்டமைப்பும் சேர்ந்து, மக்கள் அரசியலமைப்பு ஒன்றை வரைந்தன. எல்லா இனத்தாரும் ஒரே பிரஜையினராய் "மெலாயு" என்னும் ஒரே பெயர் பூணுவர் என்பது அதன் ஒரு கொள்கை. 1947 அக்டோபர் 20-ல் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது, கடைகள் அடைபட்டன. சர்க்கார் செவி சாய்க்கவில்லை. 1948 பிப்ரவரி 1-ல் சமஷ்டி அமைந்தது. வெளிநாட்டிற் பிறந்தோர் பிரஜையாக வேண்டிய வதிவுக் காலம் 15 ஆண்டாக நீண்டது. மலாய் அல்லது ஆங்கில அறிவும் வேண்டப்பட்டது. எழுத்தறியாப் பால்வெட்டுத் தொழிலாளி இந்நிபந்தனையை எங்ஙனம் தாண்டுவான்?

கட்சி மேடையில் இவ்வாதம் நடக்க, தோட்டத்து மக்கள் வேறொரு பாதையில் நடந்தனர். அது தொழிற்சங்கப் பாதை. கெடாவில் 1946-லும் 1947-லும் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடினர். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்திற்கு நம்மவரான எஸ். ஏ. கணபதி தலைவராயிருந்தார். 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் துரைமார் கொல்லப்பட்டதும் அவசரகாலச் சட்டம் வந்தது. சம்மேளனம் தடைப்பட்டது. 1949 மே 4-ல் கணபதி கோலாலம்பூர் புடு சிறையிற் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதம் ஏந்திய வழி சரியா, தவறா என்னும் வாதம் ஒருபுறம் நிற்க. அப்பாதை அடைபட்டதனால் விளைந்தது யாதெனில், தோட்டத் தொழிலாளி தன் குரலில் அரசியல் பேசக் கற்ற பள்ளிக்கூடம் மூடப்பட்டது. 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றிக் கூலி வழக்குகளைப் பேசிற்று. ஆயினும் பழைய அரசியல் வேகம் திரும்பவில்லை.

1949 பிப்ரவரியில் தான் செங் லோக் தலைமையில் மலாயா சீனர் சங்கம் அமைந்தது. அம்னோவை எல்லா இனத்தார்க்கும் திறந்துவிட வேண்டும் என்று டத்தோ ஓன் கூறினார், கட்சி இசையவில்லை. 1951-ல் அவர் விலகி, மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். அம்னோவின் தலைமை துங்கு அப்துல் ரகுமானிடம் சென்றது; "மலாயர் வாழ்க" என்ற முழக்கம் "மெர்டேகா" என மாறிற்று. 1952 பிப்ரவரி 16-ல் கோலாலம்பூர் நகரசபைத் தேர்தலில் அம்னோவும் சீனர் சங்கமும் கைகோத்து 12 இடங்களில் 9-ஐ வென்றன. ஓன் கட்சிக்கு 2 இடங்களே கிடைத்தன.

இதன் காரணம் யாது? எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வாருங்கள் என்றார் ஓன். அவரவர் வீட்டில் இருந்துகொண்டே வோட்டை மட்டும் சேர்ப்போம் என்றனர் மற்றையோர். முன்னது உயர்ந்த கொள்கை. பின்னது கைக்கெட்டிய கணக்கு. அத்தேர்தலில் இந்தியர் காங்கிரஸ் ஓன் பக்கமே நின்றது. கணக்கு வென்றதைக் கண்டு 1954-ல் அதுவும் கூட்டணியிற் சேர்ந்தது. ஆங்கிலங் கற்ற நகரத்தார் கையிலிருந்த அக்கட்சிக்கு 1955-ல் வீ. தி. சம்பந்தன் தலைவரான பின்னரே, தமிழ் பேசும் தோட்ட மக்கள் பெருந்தொகையாய் அதனுட் புகுந்தனர்.

1955 ஜூலை 27-ல் நடந்த முதற் பொதுத் தேர்தலில் 52 இடங்களில் 51-ஐக் கூட்டணி வென்றது. கூட்டணி நிறுத்திய 52 வேட்பாளருள் இந்தியர் இருவர். வோட்டர் பட்டியலை நோக்கினால் உண்மை விளங்கும். நாட்டில் இந்தியர் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர். வோட்டர் பட்டியலிலோ இந்தியரும் பிறரும் சேர்ந்தே நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. ரப்பர் விளைவித்தவர் பட்டியலில் இருந்தோர், வோட்டர் பட்டியலில் இல்லை! ஆகவே கிடைத்த இரண்டு இடங்களும் நம் பலத்தால் வந்தவை என்பதினும், பிறருடைய இணக்கத்தால் வந்தவை என்பதே பொருந்தும். இணக்கத்தால் வந்தது நன்றே. ஆனால் அதனை நாம் வற்புறுத்திக் கேட்க இயலாது.

1957-ல் விடுதலை வந்தபொழுது, அன்று முதல் இங்குப் பிறக்கும் குழந்தை பிரஜை என்றாயிற்று. முன்னரே வாழ்ந்தவர்களுட் பலருக்கு ஓராண்டுக் காலம் மொழித் தேர்வும் விலக்கப்பட்டது. கதவு திறந்த அவ்வாண்டில் மனு எழுதிக் கொடுத்தோர் பிழைத்தனர். "இந்தத் தாளால் நமக்கென்ன?" என்று இருந்தோரும், தாள் என்ன என்றே அறியாதோரும், 1969-ல் பிரஜை அல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டபொழுது, பிறந்த பிள்ளைகளோடு கப்பலேறினர். அங்ஙனம் சென்றவர் பல்லாயிரவர். முப்பதாண்டு பால்வெட்டிய கை, ஒரு துண்டுக் காகிதம் இன்மையால் வெறுங்கையாயிற்று.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? இனவாரிக் கட்சிகளின் கூட்டணி விடுதலையை விரைவிற் கொணர்ந்தது. அதனை மறுத்தல் நன்றியன்று. ஆனால், கட்சி எத்துணைப் பெரிதாயினும், பட்டியலிற் பெயரில்லாதவனை அது காப்பதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் வீழ்ந்து, நம்மவர் நகரோரங்களிற் குடியேறிய இந்நாளிலும், பிறப்புப் பத்திரமும் அடையாளச் சீட்டும் இன்றித் தவிக்கும் தமிழர் உளர். எந்தக் கட்சி நல்லது என்று வாதிடுவோர் வாதிடுக. எழுதுகோல் பிடிக்கத் தெரிந்த நாம், அண்டை வீட்டுப் பிள்ளையின் பெயர் பதிவாயிற்றா என்று முதலிற் கேட்போம். பதிவாகவில்லையேல் அம்மனுவை இன்றே உட்கார்ந்து எழுதுவோம். சைக்கிளிலிருந்து இறங்க மறுத்த கிள்ளான் தொழிலாளிக்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.